ஆறாவது வரியின் பாதி

குவாரித் தூசியில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட சடையன், இசையமைப்பாளர் ஹெலனின் அறைச் சுவரில் சத்தம் அடக்கும் பலகை அடிக்க வந்திருந்தார். கணினித் திரையில் அவள் ஆளுக்கொரு வேலை செய்யும் மென்பொருள் பெட்டிகளைக் கோடிழுத்து இணைத்திருந்தாள். அறையில் கேட்கும் சத்தமெல்லாம் அங்கே இசைக்குறிப்பாக விழுந்தது. சடையன் இருமினார். மூன்று புள்ளிகள் விழுந்தன.

"அட, என் இருமலுக்கும் இம்புட்டு மரியாதையா!"

"இனிமே எப்படி இருமுவீங்கன்னும் அதுவே எழுதும்ணே," என்று சிரித்தபடி இன்னொரு பெட்டியை இணைத்தாள். திரை எழுதியது. முதல் வரியை அவர் அச்சுப் பிசகாமல் அப்படியே இருமினார். அதற்குள் எழுத்து ஐந்து வரி ஓடிவிட்டு, ஆறாவதின் பாதியில் இசை முடிந்ததைக் காட்டும் முற்றுக்கோடு போட்டு நின்றது.

"ஏன் தாயி, அதுக்கு மேல ஒண்ணுமில்ல?"

ஹெலன் அவசரமாக இணைப்பை அழித்தாள். வரிகள் அழியவில்லை.

சடையன் துண்டை வாயில் அழுத்தி மூச்சை அடக்கிக்கொண்டார். அவர் இருமாமலே, வாசிக்கும் இடத்தைக் காட்டும் சிவப்புக் கோடு இரண்டாம் வரிக்கு இறங்கியது.