தாழ் இல்லாத துப்பாக்கி

பாகூர் சிங்காரவேலு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது கரும்பை அழிக்கும் பன்றியைப் பற்றி. மனசில் இருந்ததோ தம்பி உலகநாதன்.

வாய்க்காலை மறித்து, இவன் நெற்பயிரைக் காய விட்ட தம்பியைச் சுட்டுவிட்டுத்தான் மறுவேலை. தோட்டாகூட மடியில் தயார்.

ஒரே இடைஞ்சல். பாகப்பிரிவினையின்போது, இவன்கள் அடித்துக்கொண்டு சாகக் கூடாதென்று, தாத்தாவின் துப்பாக்கியையும் பஞ்சாயத்தார் பங்கு போட்டுவிட்டார்கள். குழலும் கட்டையும் அண்ணனுக்கு, தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கிற இரும்புத் தாழ் தம்பிக்கு. அப்பேர்ப்பட்ட புத்திசாலிகள்!

தம்பியிடம் போய்க் கேட்க முடியுமா? முகத்தில் விழித்தே வருஷமாகிறது. துப்பாக்கியைக் கோணியில் சுற்றிக்கொண்டு கிருமாம்பாக்கத்துக்கு நடந்தான். பிரெஞ்சுக்காரர் பட்டாளத்தில் இருந்து திரும்பிய மரியதாஸ் அங்கே இருந்தார். துப்பாக்கி என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள்.

"இன்னா துப்பாக்கின்னே தெரியலண்ணே. பன்னித் தொல்ல தாங்கல. இதுக்கு ஒரு தாழ் எங்கனா கிடைக்குமா?"

மரியதாஸ் குழலின் அடிப்பக்கத்துத் துருவைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"இது கிரா துப்பாக்கி, பிரெஞ்சுப் பட்டாளத்துது. பெரிய சண்டைக்கெல்லாம் முந்தினது. இப்ப பிரான்ஸ்லயே யாரும் இத்தத் தொடறதில்ல."

"அப்ப கிடைக்கவே கிடைக்காதா?"

அவர் எழுந்து உள்ளே போனார். எண்ணெய்த் துணியில் பொதிந்த ஒன்றை எடுத்து வந்து பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"என்னாண்ட பழசு ஒண்ணு கிடந்தது. எடுத்துக்கினு போ."

சிங்காரவேலுவுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இன்றைக்கே முடித்துவிடலாம். ஆசையாகத் தடவிப் பார்த்தவன் கை அப்படியே நின்றது. குழலில் வெட்டியிருந்த அதே நம்பர் தாழிலும் இருந்தது.

"இது எங்க தாத்தாவோடதாச்சே! அந்தத் திருட்டுப் பய உங்களாண்ட வித்துட்டானா?"

"வாய அலம்புடா!" என்றார் மரியதாஸ். "சொல்லக் கூடாதுன்னு கையடிச்சி சத்தியம் வாங்கினான். நீ இப்பிடிப் பேசினா மனசு கேக்கல. உன் தம்பிதான் கொண்டாந்து வெச்சிட்டுப் போனான்."

"அவனா? எதுக்கு?"

"'நான் குடுத்தா அண்ணன் வாங்காது, உங்களுதுன்னு சொல்லிக் குடுத்துடுங்க'ன்னான். 'பாவம், பன்னி வர்ற காட்டுல வெறுங்கையோட காவல் நிக்குது, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடப் போவுது'ன்னு அழுதாண்டா."