ஆடாத பெஞ்சுகள்

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், தச்சர் கடைசி பெஞ்சிலும் ஆணி அடித்துவிட்டு அதன்மேல் ஏறிக் குதித்தார்.

“நாப்பதும் முடிஞ்சுது. இனி உங்க வாலுங்க என்ன ஆட்டம் போட்டாலும் அசையாது டீச்சரம்மா!”

“பெருமை போதும், மொதல்ல கீழ இறங்குங்க” என்று மூன்றாம் வகுப்பு டீச்சர் சிரித்தார்.

வருட முடிவில் ஆண்டறிக்கை எழுதியதும் அந்த டீச்சர்தான். வாசிப்புப் போட்டியில் முதலிடம், பெற்றோர் போட்டுத்தந்த தோட்டம் என்று ரசித்துப் படித்துவந்த புதிய தலைமையாசிரியை, ஓர் இடத்தில் பேனாவைத் திறந்தார்.

“தச்சருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய நன்றி? நான் வந்து ஆறு மாசமாச்சு, மனுஷன் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கல. அடிச்சிடறேன்.”

“அடிக்காதீங்க மேடம். இந்த வருஷம் ஒரு பெஞ்சாவது ஆடுதுன்னு புகார் வந்துச்சா?”

“இல்லதான். சரி, விழாவுக்காவது வருவாரா?”

“வர மாட்டார் மேடம். பள்ளி திறந்த வாரமே மாரடைப்புல போயிட்டார்” என்றார் டீச்சர், நிமிர்ந்தபடியே. “அவர்தான் என் வீட்டுக்காரர்.”

தலைமையாசிரியை பேனாவை மூடினார்.

டீச்சர் இல்லாத தைரியத்தில், பக்கத்து அறையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சுகள்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுகூட ஆடவில்லை.