இடுப்பைத் தூக்குங்க

அது காலையா மாலையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தையல்காரி தன் கணவரை அதட்டியது மட்டும் நிச்சயம்.

“மல்லாந்து கிடந்தா ஆச்சா? முட்டியை மடக்குங்க!”

“முடியலடி.” மல்யுத்தப் பயிற்சியாளருக்கு மூச்சு வாங்கியது.

“எத்தனை பசங்களைப் பிடியிலிருந்து புரண்டு தப்பிக்க வெச்ச ஆளு! குதிகாலை ஊனி இடுப்பைத் தூக்குங்க. அப்புறம் தோளைத் திருப்புங்க.”

“என் பாடத்தை எனக்கேவா?”

“பக்கத்து அறையில தைச்சுக்கிட்டே கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு.”

இன்றும் தோற்றால் நாளை அவர் முயலவே மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கைகொடுக்கவில்லை. அவர் பல்லைக் கடித்தார். இடுப்பு எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. ஒரே உந்தலில் பக்கவாட்டில் புரண்டுவிட்டார்.

அவள் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்தாள்.

“ஐயோ அக்கா! பக்கவாதம் வந்தவரை நாங்க ரெண்டு பேர் சேர்ந்துதானே திருப்பிப் படுக்க வைப்போம்? யாரு புரட்டினது?”

“நானேதாம்மா,” என்றார் அவர், தலையணையில் முகம் புதைந்தபடி. “இவ தொல்லை தாங்கல.”

பிறகு அவர் கோலூன்றி நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்தே மாணவர்களை விரட்டினார். அவள் தையலை விடவில்லை. அவருடைய வலது கை மட்டும் தேறவேயில்லை. தினமும் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள்.