வாசற்படிக் கல்

எஸ்டோனியர் நாட்டில் வாளோடு வந்தவர்கள், ஜனங்கள் கும்பிட்டுவந்த ஓக் தோப்பை வெட்டிவிட்டு அங்கே ஒரு தேவாலயம் கட்டினார்கள். தோப்பின் நடுவே கிடந்த குழிவிழுந்த கல்லை வாசற்படியாகப் போட்டார்கள். கப்பலில் வந்த புது மணியைக் கோபுரத்தில் மாட்டினார்கள்.

"எல்லோரும் மிதிக்கிறார்களே, உனக்கு வருத்தமில்லையா?" என்று மேலிருந்து கேட்டது மணி.

"மரங்களை நினைத்தால்தான் வருத்தம்," என்றது கல். "காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து பேசும். அறுவடை முடிந்ததும் முதல் பிடி பார்லியை என் குழியில்தான் போடுவார்கள்."

"அந்தக் காலமெல்லாம் போச்சு. இப்போது நான் கூப்பிட்டால் ஓடிவருகிறார்கள். வாசலிலேயே எவ்வளவு பக்தியாகக் குனிகிறார்கள், பார்! பாதிரியாருக்கே கண் கலங்கிவிட்டது."

உயரத்திலிருந்த மணிக்கு முதுகுகள்தான் தெரிந்தன.

அப்போது லெம்பி என்ற உழவர் வீட்டுப் பெண் வந்து படியருகே குனிந்தாள். சால்வைக்குள் மூடிவைத்திருந்த கையைக் குழியின் மேல் மெல்லத் திறந்தாள்.

"இந்த வருஷம் கொஞ்சம்தான் விளைந்தது, கோபித்துக்கொள்ளாதே," என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள்.

மணி தலைகால் புரியாமல் ஆடியது. "பார்த்தாயா, இன்னொருத்தி!"

குழியில் பார்லி இளஞ்சூடாக இருந்தது.

"நன்றாக அடி, தம்பி," என்றது கல். "தூரத்து ஊர்களுக்கும் கேட்கட்டும்."