புத்தூருக்கு நாலு நடை

"பொய்க் கணக்கு எழுதறதுக்கு வேற ஊரே கிடைக்கலியா உனக்கு?"

வாடகைக் கார் ஓட்டற சிட்டிபாபுவை வாசல்லயே நிக்க வச்சுக் கேட்டேன். என் கையில இன்சூரன்ஸ் ஆபீஸ் கடுதாசி. உடம்பெல்லாம் பத்திக்கினு எரியுது.

சந்திரகிரி தாண்டி ஒரு லாரி எங்க ஃபியட் காரை இடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. கார் திருப்பதி ஒர்க்‌ஷாப்புல கிடந்த அஞ்சு வாரமும் எங்களுக்கு சிட்டிபாபு வண்டிதான். "வாடகையையும் கிளெய்ம்ல சேர்த்துக்கலாம்மா"ன்னு ஏஜெண்ட் சொன்னாரு. சிட்டிபாபு எழுதிக் கொடுத்த பில்லை அப்படியே சேர்த்தோம்; பணம் வந்ததும் அவனுக்குத் தர்றதா பேச்சு. மத்ததை எல்லாம் ஒத்துக்கிட்டவங்க, ஐந்நூத்தி அறுபது ரூபாயை மட்டும் தள்ளிட்டாங்க. அது எழுபத்தி நாலாம் வருஷம். அந்தப் பணம் எங்க பையனோட காலேஜ் ஃபீஸ்.

தள்ளினதுக்குக் காரணத்தையும் இங்கிலீஷ்ல டைப் அடிச்சிருந்தாங்க. சித்தூர்ல இருந்து புத்தூர், போக வர, நாலு நடை. எலும்பு டாக்டருக்குப் புத்தூர்ல என்ன வேலைன்னு விளக்கணுமாம்.

டைப் அடிச்சவன் சிரிச்சுக்கினேதான் அடிச்சிருப்பான்.

ஏன் சிரிக்க மாட்டான்? எங்க வீட்டுக்காரர் டாக்டர் அசரியா, மிஷன் ஆஸ்பத்திரியில இருபத்திரெண்டு வருஷமா எலும்பு பார்க்கறவர். கை கால் முறிஞ்சா ஜனமெல்லாம் பச்சிலைக் கட்டுக்குப் புத்தூருக்கு பஸ் ஏறும். இவர் அதுல பாதிப் பேரைப் புடிச்சு நிறுத்தி, மாவுக்கட்டுப் போட்டு நடக்க வச்சவர். "எங்க வீட்டுக்காரர் கட்டினா கட்டினதுதான், புத்தூர் எதுக்கு?"ன்னு நான் பெருமையடிக்காத ஆளு எங்க சர்ச்சு சபையில கிடையாது.

"ஐயா புத்தூர் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டாரு. நீ நாலு நடை எழுதி வச்சிருக்கே!"

"எழுதினது நெஜம்தாம்மா."

"அப்ப யாரை ஏத்திக்கினு போனே?"

சிட்டிபாபு துண்டால கழுத்தைத் துடைச்சுக்கினான்.

"உன் ஸ்டாண்டுக்கே வந்து நாலு பேர் முன்னாடி கேக்கட்டுமா? அப்புறம் ஆஸ்பத்திரிக்காரங்க ஒருத்தர்கூட உன் வண்டியில ஏற மாட்டாங்க."

அவன் முகம் செத்துப் போச்சு. அப்பவும் ஒரே பேச்சுதான். "ஐயாவையே கேளுங்கம்மா."

அதுக்குள்ள அவரே உள்ளேயிருந்து வந்துட்டாரு.

"அவனை விடு லோயிஸ். போனது நான்தான். நாலு தடவையும்."

"நீங்களா? புத்தூருக்கா?"

"ஆமா. அந்தப் பணத்தை நாமதான் கொடுக்கணும். விளக்கம் எதுவும் எழுத வேணாம்." பணத்தை எண்ணி சிட்டிபாபு கையில கொடுத்தாரு.

அப்பத்தான் அவர் இடது கையைப் பார்த்தேன். அந்த விபத்துல மணிக்கட்டு வீங்கி, இன்னும் துணி சுத்தியிருக்கு.

"ஊருக்கெல்லாம் மாவுக்கட்டு. உங்க கைக்கு மட்டும் புத்தூர் கட்டா?"

அவர் உள்ளே போய்ட்டாரு. நான் அப்படியே படியில உக்காந்துட்டேன். இத்தனை வருஷம் யாரைப் பத்தி இவ்வளவு பேசினேன்னு நெனச்சா அழுகை அழுகையா வந்துச்சு.

சிட்டிபாபு போகலை.

"ஐயா திட்டினாலும் பரவால்லம்மா, சொல்லிட்றேன். கட்டு ஐயாவுக்கு இல்ல. லாரி கிளீனர் சம்பத்துக்கு."

"எந்த லாரி?"

"உங்களை இடிச்ச லாரிதாம்மா. அவனும் கீழ விழுந்து கால் எலும்பு போச்சு. நகரிக்காரன், மூணு பிள்ளைங்க. ஐயா எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போடப் போனா, 'ஆஸ்பத்திரியில காலை எடுத்துடுவாங்க, என்னைப் புத்தூருக்கு விட்ருங்க'ன்னு கும்பிட்டு அழுவுறான். அந்தக் காலோட பஸ்ஸுல எப்படிப் போவான்? ஐயாதான் தூக்கி வண்டியில உக்கார வச்சாரு. ஒவ்வொரு கட்டு மாத்தறப்பவும் எக்ஸ்ரேவைக் கையில புடிச்சுக்கினு, அவன்கூடவே வரிசையில உக்காந்தாரும்மா. ஐயாகிட்ட வைத்தியம் பார்த்த ஜனமே அங்க இருந்துச்சு. 'என்னா டாக்டர், நீங்களே இங்கயா?'ன்னு ஒருத்தன் சிரிச்சான். 'இவனுக்கு இங்கதான் பயமில்லாம இருக்குப்பா'ன்னாரு."

"இதை எங்கிட்ட ஏன் மறைச்சாரு? அவ்வளவு வெக்கமா?"

"ஐயாவுக்கு என்னாம்மா வெக்கம்? 'எங்க வீட்டம்மா சபையெல்லாம் என்னைப் பத்திப் பெருமையாப் பேசிக்கினு இருக்காங்க, அவங்க தலை குனியக் கூடாது, நீ மூச்சு விடாதே'ன்னாரு."

சிட்டிபாபுகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, வேணாம்மா"ன்னு வண்டியை எடுத்துக்கினு ஓடியே போய்ட்டான்.

ஞாயித்துக்கிழமை. ஆராதனை முடிஞ்சு வெளியே வர்றப்ப, எங்களோட பாடகர் குழுவுல இருக்கிற ஜெயசீலி என் கையைப் புடிச்சா. சுத்தி பத்துப் பேர்.

"ஏங்கக்கா, உங்க வீட்டுக்காரர் புத்தூர்ல கட்டுக்கு உக்காந்திருந்ததைப் பார்த்தாங்களாமே? சும்மா கதைதானே?"

அவர் என் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"கதை என்னாடி கதை? நெஜம்தான்!" கோயில் வாசல்ல இருந்த அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். "எங்க காரை இடிச்ச லாரிக்காரன் காலுக்காக, நாலு தடவை அந்த வரிசையில உக்காந்தாரு. வேற எந்த டாக்டர் உக்காருவாரு, சொல்லு பார்ப்போம்!"