கையில் ஓட்டிய க்வெரி

அடப்பாவி!

அவன் தன்னைத்தான் சொல்லிக்கொண்டான்.

டேட்டாபேஸ் விடை தேடிப் போன வழியைக் காட்டும் பதிவுகள், இரண்டு டிரேஸ்கள், திரையில் அருகருகே திறந்திருந்தன. கேட்டது ஒரே க்வெரிதான், ஒரே கேள்வி. போன வழி மட்டும் வேறு வேறு.

இடப்பக்கம் இருந்தது அவன் கையால் தட்டி ஓட்டியது. வார்டு எண் க்வெரிக்குள்ளேயே இருந்தது. டேட்டாபேஸ் அதைப் பார்த்துவிட்டுக் குறுக்கு வழியில் போய் வந்திருந்தது. கண் இமைப்பதற்குள் விடை.

வலப்பக்கம், மருத்துவமனையின் மென்பொருள் அனுப்பியது. முன்கூட்டியே தயார் செய்து வைத்த பிரிப்பேர்டு க்வெரி. வார்டு எண்ணின் இடம் அதில் காலி. எண் பிறகுதான் வரும். பந்திக்கு எத்தனை பேர் என்று தெரியாமலே உலை வைத்த மாதிரி, டேட்டாபேஸ் பொதுவாக ஒரு வழியைப் போட்டு வைத்திருந்தது. எந்த வார்டைக் கேட்டாலும் மொத்த அட்டவணையையும் அலசியது.

நோயாளிகளைக் கால்கடுக்க நிற்க வைத்தது இதுதான். அவன் டீமில் இருந்த ஜெசிந்தாவின் கோடிங் இல்லை.

அப்படித் தயார் செய்து அனுப்பச் சொன்னதே அவன்தான்.

அவள் அன்றைக்கே கூட்டத்தில் சொன்னாள். கையால் ஓட்டினால் வேகமாக வருகிறது, மென்பொருள் வழியாகப் போனால் நிற்கிறது என்று. டேட்டாபேஸுக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரியுமா என்று அவன் கேட்டான். கூட்டமே சிரித்தது. மருத்துவமனையிலிருந்து வந்தவர்களும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவளை நம்பி யாரும் வேலை கொடுக்கவில்லை. அவள் எழுதியதையெல்லாம் தூக்கிவிட்டு வேறு எழுதினார்கள். மருத்துவமனையில் திரை அப்போதும் விடை வராமல் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. அதனால்தான் அவன் இன்றைக்கு டிரேஸ் போட்டான்.

இன்று அவளுக்குக் கடைசி நாள்.

வெளியே கேக் வெட்டி முடித்திருந்தார்கள்.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் முன்னால் நிற்பது?

ஆனாலும் கூப்பிட்டான். அவள் கேக் தட்டோடு வந்தாள். அவன் கதவைச் சாத்தினான். உட்கார்ந்து, திரையை அவள் பக்கம் திருப்பினான்.

அவள் இரண்டையும் மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"தப்பு என்மேலதாம்மா. மன்னிச்சிடு."

வெளியே கேட்காத குரலில்தான் சொன்னான்.

அவள் தட்டை மேசைமேல் வைத்தாள்.

"கதவைத் திறந்துட்டுச் சொல்லுங்க சார்."

அவன் எழுந்துபோய்க் கைப்பிடியைப் பிடித்தான்.

வெளியே எல்லாரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.