டிஸ்குக்குள் படுத்த டிரைவர்

கம்ப்யூட்டரை எழுப்புவதற்கென்றே பிறக்கவிருந்த மூல நிரலான ஒரு கெர்னலுக்கு, ஒல்லியாக இருக்க வேண்டும் என்று ஒரே ஆசை. ஒவ்வொரு கருவியையும் இயக்கத் தெரிந்த குட்டி நிரல்களான டிரைவர்களில் யாரை உடம்போடு சேர்த்துக்கொள்வது, யாரை வெளியே தங்கவைப்பது என்று பட்டியல் வந்தது. அந்தக் காலத்து ஃப்ளாப்பித் தட்டுகளைத் திறக்கும் ஃப்ளாப்பி டிரைவர் ஒடிசலான கிழவர். அவரை உடனே சேர்த்துக்கொண்டது. டிஸ்க் டிரைவர்தான் பெருத்த ஆள்.

"அண்ணே, நீங்க டிஸ்குக்குள்ளயே போய்ப் படுத்துக்குங்க. வேணும்னா வந்து எழுப்புறேன்."

"யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டுக்கொண்டே அவர் போனார்.

பொத்தானை அழுத்தினார்கள். கெர்னல் துள்ளி எழுந்து, கம்ப்யூட்டரின் சரக்கெல்லாம் இருக்கும் டிஸ்கைத் திறக்கப் போனது. திறக்காவிட்டால் இந்தக் கெர்னலை அழித்துவிட்டு வேறு கெர்னலைப் போட்டுவிடுவார்கள். ஆனால் திறக்கத் தெரிந்தவர் யார்? டிஸ்க் டிரைவர். அவர் எங்கே? டிஸ்குக்குள்ளே. அவரை எப்படி எழுப்புவது? டிஸ்கைத் திறந்துதான். திறப்பது யார்? ஏழாயிரம் தடவை இப்படியே சுற்றியதில் கெர்னலுக்குக் கிறுகிறுத்துவிட்டது.

"தாத்தா, உங்களுக்காவது திறக்கத் தெரியுமா?"

"நல்லாக் கேட்டே போ! ஒரு ஃப்ளாப்பியைக் காட்டுடா பேராண்டி, ஒரே நொடியில திறந்துடறேன்."

கெர்னல் மூலைமுடுக்கெல்லாம் தேடியது. ஃப்ளாப்பி நுழைய அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கீறல்கூட இல்லை.

அதற்குள் புதுக் கெர்னல் வந்துவிட்டது. அது இன்னும் ஒல்லியாம்.